12 மரையா, 13 மரையா?

பெரியப்பா பட்டறையை மூடியபோது லேத்தை யாரும் கேட்கவில்லை. பெல்ட்டில் ஓடும் பழைய நாலரை அடி லேத்து. எடைக்குப் போட்டால் எவ்வளவு தேறும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வண்டிக்கூலி, கிரேன், இறக்குகூலி எல்லாம் சேர்ந்து லேத்தின் விலையைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. ஐந்து வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. போன வருஷம்தான் மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்து, பெல்ட்டு மாற்றி, துருவை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து ஓடவிட்டேன்.

ஓடியது. சத்தமும் பெரிதாக இல்லை. ஒரே குறை, டெயில் ஸ்டாக், அதாவது டிரில்லைப் பிடித்துக்கொள்ளும் பின்பக்கத் தலை, நிற்க மாட்டேன் என்றது. டிரில்லை மாட்டி அழுத்தினால் துளை விழுவதற்குப் பதிலாக டெயில் ஸ்டாக் பின்னால் நகரும். அதை லேத்தின் அடிச்சட்டமான பெட்டோடு பிடித்துவைப்பது ஒரே ஒரு போல்ட்டு. மேலிருந்து இறங்கி, பெட்டுக்கு அடியில் இருக்கும் வார்ப்பிரும்புக் கட்டையில் ஏறும். இறுக்கினால் கட்டை மேலே இழுபட்டுப் பெட்டைக் கவ்வும். போல்ட்டு தேய்ந்திருக்கும், மாற்றினால் தீர்ந்தது, அரைமணி நேர வேலை என்று நினைத்தேன். ஆறு சனிக்கிழமை போனது.

முதல் தப்பு ஸ்பேனரில். என்னிடம் இருந்தது மில்லிமீட்டர் செட். 22 நுழையவில்லை. 24 நுழைந்தது, ஆனால் ஆடியது. ஆடுகிற ஸ்பேனரைப் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன், காலால் ஒரு உதை விட்டேன், தலையின் மூலைகள் மழுங்கின. கடைசியில் பைப் ரெஞ்சு போட்டுக் கடித்துத்தான் கழற்ற முடிந்தது. அடுத்த நாள் பெரியப்பாவின் தகரப் பெட்டியைக் கிளறியபோது ஒரு கறுத்த ஸ்பேனர் கிடைத்தது. அதில் ‘1/2 டபிள்யூ’ என்று பொறித்திருந்தது. வாயை வெர்னியரில் அளந்தேன்: 23.4 மில்லிமீட்டர். அரை இஞ்ச் எங்கே, இது எங்கே? அப்புறம்தான் உறைத்தது. அந்த 1/2 ஸ்பேனரின் வாய் அளவு அல்ல. அது பிடிக்கும் போல்ட்டின் தண்டு அளவு. தலை 0.92 இஞ்ச். மழுங்கிப்போன தலையின் மீதிருந்த ஒரு நல்ல ஓரத்தில் அந்த ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. வயிறு எரிந்தது.

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். தலை போன போல்ட்டுக்குப் பதில் புதுசு வாங்க வேண்டும். தண்டு நாலு நூல், அதாவது அரை இஞ்ச் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒன்று). இஞ்சுக்கு மரை, அதாவது போல்ட்டைச் சுற்றி ஓடும் புரி, எத்தனை என்று தெரிய வேண்டுமே என்று எஃகு ஸ்கேலை மரையின் மேல் வைத்து ஒரு இஞ்சுக்குள் எத்தனை இருக்கிறது என்று எண்ணினேன். 13. திரும்பவும் எண்ணினேன். 13. ஹார்டுவேர் கடையில் பையன், “எந்த மரைங்க வேணும்?” என்று சரியாகத்தான் கேட்டான். பெருமையாக “பதிமூணு” என்றேன். யு.என்.சி. போல்ட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அமெரிக்க மரை. நல்ல சரக்கு.

இரண்டு சுற்று கையால் போனது. மூன்றாவதில் முக்கியது. எண்ணெய் விட்டேன். ஸ்பேனர் போட்டேன். இன்னும் ஒரு சுற்று போனது. ஐந்து வருஷத் துரு, இளகி வழிவிடும் என்று நினைத்துக்கொண்டு ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி நின்றேன். சுலபமாகச் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்சம் அதிகமாகவே சுலபமாக. வெளியே எடுத்தபோது போல்ட்டின் பள்ளங்களில் கறுப்பாக வார்ப்பிரும்புப் பொடி அடைத்திருந்தது. கட்டையின் மரை முழுசாகச் சிரைந்துவிட்டது.

கட்டையையும் இரண்டு போல்ட்டையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பெரியப்பா பட்டறையில் 30 வருஷம் டர்னராக இருந்த அண்ணனைத் தேடிப் போனேன். இப்போது வீட்டு முன்னால் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கிறார். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இதை எப்படி எண்ணுனீங்க?”

“ஸ்கேல் வெச்சுத்தாண்ணா.”

“மேட்டை எண்ணுனீங்களா, சந்தை எண்ணுனீங்களா?”

மேட்டை எண்ணினேன். இஞ்சின் தொடக்கக் கோட்டில் ஒரு மேடு, முடிவுக் கோட்டில் ஒரு மேடு. இரண்டையும் சேர்த்துவிட்டேன். வேலிக்கு நட்ட கல்லை எண்ணி, நடுவில் இருக்கும் இடைவெளி அத்தனை என்று சொன்ன கதைதான். கற்கள் 13 என்றால் இடைவெளி 12. பள்ளிக்கூடக் கணக்கு.

அவர் பிட்ச் கேஜை எடுத்தார். பேனாக்கத்தி மாதிரி மடக்கிய, பல் பல்லாக வெட்டிய எஃகு இலைகள். 13 என்று போட்டிருந்த இலையைப் பழைய போல்ட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதல் இரண்டு பல் உட்கார்ந்தன, அதற்கப்புறம் மெல்ல மெல்ல வெளிச்சம் கசிந்தது. 12 இலை வைத்தார். ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. 12 மரையில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 2.117 மில்லிமீட்டர், 13இல் 1.954. ஒரு மரைக்கு வித்தியாசம் 0.16தான். ஆனால் மூன்று மரை தாண்டுவதற்குள் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போய்விடும். என் போல்ட்டு மூன்றாவது சுற்றில் முக்கியதற்கு அதுதான் காரணம். துரு பாவம், அதன் மேல் பழி போட்டுவிட்டேன்.

“மத்த சைஸ்ல இந்தத் தப்பு பண்ணியிருந்தாக்கூட தப்பிச்சிருப்பீங்க. நாலு நூல்லதான் இந்த வில்லங்கம். விட்வொர்த்துக்கு பன்னெண்டு, அமெரிக்காக்காரனுக்கு பதிமூணு.”

உண்மைதான். அந்த ஸ்பேனரில் இருந்த டபிள்யூ இந்த விட்வொர்த்துதான், பழைய பிரிட்டிஷ் மரை அளவு. கால் இஞ்சில் இரண்டுக்கும் 20. மூணு நூலில் 16. அஞ்சு நூலில் 11, முக்கால் இஞ்சில் 10, ஒரு இஞ்சில் 8. எல்லாம் ஒன்று. அரை இஞ்சில் மட்டும் பிரிந்துபோயின.

“விட்வொர்த்துங்கறது கம்பெனிங்களாண்ணா?”

“கம்பெனியாத்தான் இருக்கோணும். டேப்புலயும் டையிலயும் இருக்கே.”

டேப் துளைக்குள் மரை வெட்டும் கருவி, டை தண்டின் மேல் மரை வெட்டும் கருவி. ஆனால் கம்பெனி அல்ல, முதலில் ஆள், அப்புறம்தான் கம்பெனி. ஜோசப் விட்வொர்த் 1803 டிசம்பர் 21 அன்று மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். 14 வயதில் சொந்தக்காரர் ஒருவரின் பஞ்சாலைக்கு அனுப்பினார்கள், தொழில் பழகி முதலாளி ஆகட்டும் என்று. அவருக்கு நூலைவிட நூற்கிற மெஷின்தான் பிடித்தது. ஆலையை விட்டு மான்செஸ்டருக்குப் போய் மெக்கானிக் ஆனார். 1825இல் லண்டன். அன்றைக்கு உலகத்திலேயே நல்ல லேத்து செய்துகொண்டிருந்த ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை. பிறகு, சார்லஸ் பாபேஜின் கணக்குப் போடும் இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்த ஜோசப் கிளெமென்ட்டிடம். 1833இல் மான்செஸ்டருக்குத் திரும்பி, கருவி செய்பவர், லண்டனிலிருந்து வந்தவர் என்று போர்டு எழுதி மாட்டினார். ‘லண்டன் ரிட்டர்ன்’ போர்டின் மகிமை அன்றைக்கே இருந்திருக்கிறது.

அப்போது ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒருவர் செய்த நட்டு இன்னொருவர் செய்த போல்ட்டில் ஏறாது. ஒரே பட்டறையில்கூட போல்ட்டையும் நட்டையும் ஜோடியாகக் கட்டிவைக்க வேண்டிய நிலை. விட்வொர்த் செய்தது எளிமையான காரியம். இங்கிலாந்தின் பெரிய பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேர்த்தார். அளந்தார். சராசரி எடுத்தார். மரையின் கோணம் சராசரியாக 55 டிகிரி வந்தது, அதையே வைத்துக்கொண்டார். இந்த விட்டத்துக்கு இஞ்சுக்கு இத்தனை மரை என்று பட்டியல் போட்டு 1841இல் சிவில் பொறியாளர் சங்கத்தில் படித்தார். 55 ஏதோ பெரிய கணிதத்தில் பிறந்த எண் என்று நினைத்திருந்தேன். அது ஒரு சமரசம். எல்லோரும் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்கு மிக அருகில் இருக்கும் அளவு, அதனால் யாருக்கும் ரொம்ப வலிக்காது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். 1864இல் பிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் அமெரிக்காவுக்கென்று 60 டிகிரியில், உச்சி தட்டையாக இருக்கும் மரையைக் கொண்டுவந்தார். விட்வொர்த்தின் மரையில் உச்சியும் பள்ளமும் உருண்டையாக இருக்கும். உருட்டி வெட்டுவது கஷ்டம், தட்டையாக வெட்டுவது சுலபம் என்பது செல்லர்ஸ் வாதம். வெட்டிப் பார்த்தபின் நானும் செல்லர்ஸ் கட்சி.

சரி, கட்டைக்கு வருவோம். அண்ணன் சொன்ன வைத்தியம்: சிரைந்த துளையைப் பெரிதாக்கி முக்கால் இஞ்ச் மரை போடு, அதில் ஒரு இரும்புப் புஷ் (வெளியே மரை உள்ள குட்டைக் குழல்) செய்து ஏற்று, புஷ்ஷுக்குள் அரை இஞ்ச் மரை போடு. அஞ்சு நூல் போல்ட்டுக்கு மாற்றிவிடலாமே என்றேன். டெயில் ஸ்டாக்கின் மேல் துளையையும் பெருக்க வேண்டும், அது வேண்டாம் என்றார். “அந்தக் காலத்து ஆளுங்க போட்ட சைஸை மாத்தாதீங்க. நாளைக்கு வர்றவன் திட்டுவான்.”

கட்டையை அவருடைய டிரில்லிங் மெஷினில் வைத்து 16.25க்குப் பெருக்கினோம். முக்கால் இஞ்ச் டேப் மூன்று. ஒண்ணாம் டேப்பைத் தொடங்கும்போது சிறிய மூலைமட்டம் வைத்து இரண்டு பக்கமும் செங்குத்து பார்த்தேன். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டியதில்லை, பொடியாகத்தான் உதிரும், ஊதிவிட்டால் போதும். மூணாம் டேப் முடிந்து துளையைப் பார்த்தபோது மரை பளபளவென்று இருந்தது.

புஷ்ஷை என் லேத்திலேயே செய்ய ஆசைப்பட்டேன். டெயில் ஸ்டாக்கைச் சரிசெய்ய டெயில் ஸ்டாக் இல்லாத லேத்து. குட்டையான துண்டுதானே, லேத்தின் சுழலும் பிடியான சக்கில் பிடித்தாலே போதும். வெட்டும் டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 மரை, எனக்கு வேண்டியது 10. பல்சக்கரம் 40க்கு 100. பெரியப்பா பெட்டியில் இரண்டும் இருந்தன.

வெட்டும் டூலில்தான் மாட்டிக்கொண்டேன். என்னிடம் இருந்த மரை டூல் 60 டிகிரி. ஐந்து டிகிரிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒரு எச்.எஸ்.எஸ். (டூல் செய்யும் கடினமான எஃகு) துண்டை எடுத்துச் சாணைக்கல்லுக்குப் போனார். இடது பக்கம் நாலு தேய்ப்பு, தண்ணீரில் ஒரு முக்கு, வலது பக்கம் நாலு தேய்ப்பு. மீன் வடிவத்தில் இருக்கும் சின்ன கேஜின் 55 டிகிரி வெட்டில் நுனியைப் பொருத்தி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். இடது பக்கம் மயிரிழை வெளிச்சம். திரும்பவும் கல்லுக்கு. இப்படி ஏழெட்டு முறை. கடைசியில் எண்ணெய்க்கல்லில் நுனியை லேசாக உருட்டினார். “இந்த உருட்டலை விட்டுட்டா விட்வொர்த்து இல்லீங்க தம்பி. மரையோட அடியில கூர்மையா விட்டா விரிசல் அங்கதான் புடிக்கும்.” கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தவர், அந்த மனிதர் ஏன் உருட்டினார் என்பதைக் கையில் வைத்திருந்தார்.

வெட்டினேன். மொத்த ஆழம் ஒரு இஞ்சில் ஆயிரத்தில் 64 பங்கு. முதலில் பத்து பத்தாக, அப்புறம் ஐந்து, அப்புறம் இரண்டு. கடைசியில் முக்கால் இஞ்ச் டையை ஒரு முறை ஓட்டி உச்சியை உருண்டையாக்கினேன். உள் துளைக்கு மட்டும் டெயில் ஸ்டாக் வேண்டும். அதன் அடியை ஒரு சி-கிளாம்ப்பால் பெட்டோடு கட்டிப்போட்டு 10.5 டிரில்லை விட்டேன். நகரவில்லை. அரை இஞ்ச் டேப், மறக்காமல் 12 மரை, பெட்டியைத் திறந்து மூன்று முறை படித்துவிட்டுத்தான் போட்டேன். கட்டையில் புஷ்ஷை, மரையைப் பூட்டும் பசையான லாக்டைட் தடவி ஏற்றியாயிற்று. ஒரு நாள் முழுக்க அசைக்கக்கூடாது.

அந்த ஒரு நாளில்தான் விட்வொர்த்தின் துப்பாக்கிக் கதைக்குள் போனேன்.

1854. கிரீமியப் போர். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ரைபிள் ஏராளமாக வேண்டும். அங்கே அன்றைக்குத் துப்பாக்கி என்பது பர்மிங்காம், லண்டன் கைவேலைக்காரர்கள் ஆளுக்கொரு பாகமாகச் செய்து அரம் போட்டு ஒட்டவைப்பது. விட்வொர்த் முந்தின வருஷம் நியூயார்க் பொருட்காட்சிக்கு அரசுப் பிரதிநிதியாகப் போனவர். பொருட்காட்சி சொன்ன நாளில் திறக்காததால் அமெரிக்கத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். அங்கே மெஷினில் துப்பாக்கிக் கட்டை கடைவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதனால் அவரையே கூப்பிட்டு, ரைபிள் செய்யும் மெஷின்களை வடிவமைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். பெரிய காண்டிராக்ட். யாராக இருந்தாலும் சரி என்று சொல்லியிருப்பார்கள்.

அவர் சம்மதிக்கவில்லை. நல்ல குழாய் என்றால் எது என்று முதலில் தெரிய வேண்டும், அது தெரியாமல் மெஷின் செய்வதில் அர்த்தமில்லை என்றார். ஒரு குழாய் நன்றாகச் சுடும், அதேபோல் செய்த பக்கத்துக் குழாய் சுடாது. ஏன் என்று செய்தவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத் தனக்கு ஒரு சுடுகூடம் வேண்டும் என்று கேட்டார். அரசு செலவில் மான்செஸ்டரில் அவர் வீட்டுத் தோட்டத்தில் கட்டினார்கள். 500 கஜ நீளம், 16 அடி அகலம், 20 அடி உயரம், முழுக்கக் கூரை. காற்று குண்டைத் தள்ளக்கூடாது என்பதற்காகக் கூரை. கட்டி முடித்ததும் அடித்த புயலில் அதே காற்று கூடத்தையே சாய்த்துவிட்டது. திரும்பக் கட்டி 1855இல் சோதனை தொடங்கினார். வழியெங்கும் மெல்லிய காகிதத் திரைகள். ஒவ்வொரு திரையிலும் விழுந்த ஓட்டையைப் பார்த்தால் குண்டு எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எங்கே தள்ளாடியது எல்லாம் தெரியும்.

படைக்கு இருந்த என்ஃபீல்டு ரைபிளின் துளை 0.577 இஞ்ச். உள்ளே இருக்கும், குண்டைச் சுழலவைக்கும் புரி 78 இஞ்சுக்கு ஒரு சுற்று. குழாயே 39 இஞ்ச்தான், அதனால் குண்டு வெளியே வருவதற்குள் அரைச் சுற்று. விட்வொர்த் வந்து நின்ற இடம்: துளை 0.45 இஞ்ச், 20 இஞ்சுக்கு ஒரு சுற்று, துளையின் வடிவம் அறுகோணம். குண்டையும் அதே முறுக்கிய அறுகோணமாகச் செய்தார். துளைக்குள் நட்டில் போல்ட்டு ஏறுகிற மாதிரி குண்டு போகும். மரை செய்த மனிதரின் துப்பாக்கி வேறு எப்படி இருக்கும்! பலகோணத் துளை அவருக்கு மட்டும் தோன்றியது அல்ல. பாலமும் ரயிலும் கட்டிய பிரூனெல் அதற்கு முன்பே எண்கோணத் துளையில் ஒரு ரைபிள் செய்யவைத்திருந்தார். எந்த விட்டம், எத்தனை இஞ்சுக்கு ஒரு சுற்று என்பதைச் சோதித்துச் சோதித்துக் கண்டது விட்வொர்த்.

20க்கு ஒன்று, 78க்கு ஒன்று என்று படிக்கும்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. லாக்டைட் காய்கிற நேரம்தானே என்று மகளை உட்காரவைத்து கனமான அட்டையில் அறுகோணங்கள் வெட்டினோம். இஞ்சுக்குப் பத்து அட்டை வரும். ஐந்து இஞ்ச் உயரத்துக்கு 50. நடுவில் சைக்கிள் ஸ்போக் கம்பியைச் செருகி, ஒவ்வொரு அட்டையையும் கீழே இருப்பதைவிட 1.8 டிகிரி திருப்பி ஒட்டினோம். அதுதான் 20 இஞ்சுக்கு ஒரு சுற்று. 40 அட்டை தாண்டியபின் கோணமானியை அவள் விட்டெறிந்துவிட்டு கண்ணளவில் திருப்பினாள், பரவாயில்லாமல் வந்தது. உச்சி அட்டை அடி அட்டையிலிருந்து கால் சுற்று திரும்பியிருந்தது. கோயில் தூண் மாதிரி முறுக்கு கண்ணுக்கே தெரிகிறது. 78க்கு ஒன்று என்றால் அதே ஐந்து இஞ்சில் 23 டிகிரிதான். அதையும் செய்தோம். பக்கத்தில் வைத்தால், அட்டை கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டது போலத்தான் இருந்தது.

இத்தனை முறுக்கு எதற்கு? துளை சிறுத்தால், எடை குறையாமல் இருக்க குண்டு நீள வேண்டும். நீண்ட குண்டு காற்றில் தலைகுப்புறப் புரளாமல் போக வேகமாகச் சுழல வேண்டும். மெதுவாகச் சுற்றும் பம்பரம் தள்ளாடும், விசையாகச் சாட்டையை இழுத்த பம்பரம் உறங்கும். அதே சமாசாரம்.

1857இல் ஹைத் என்ற ஊரில் ராணுவச் சோதனை. 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 27 இஞ்ச். விட்வொர்த் ரைபிளுக்கு நாலரை. 1,400 கஜத்தில் என்ஃபீல்டுக்குக் கணக்கே எடுக்க முடியவில்லை. 1860 ஜூலையில் விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்தார். விட்வொர்த் ரைபிளை இரும்புத் தாங்கியில் இறுக்கி, 400 கஜத்துக்குக் குறிவைத்து, விசையில் ஒரு பட்டுக்கயிறு கட்டியிருந்தார்கள். மகாராணி கயிற்றை இழுத்தார். மையத்திலிருந்து ஒன்றேகால் இஞ்ச் தள்ளி விழுந்தது. குறி விட்வொர்த்தினுடையது, இழுப்பு மட்டும் மகாராணியுடையது. நம் ஊர் திறப்பு விழா ரிப்பன் மாதிரிதான்.

இவ்வளவுக்கும் பிரிட்டிஷ் படை அதை எடுத்துக்கொள்ளவில்லை. சின்னத் துளையில் கரி சீக்கிரம் அடைக்கிறது என்றார்கள். விலை என்ஃபீல்டைப் போல் நான்கு மடங்கு. கரி விஷயத்தில் அவர்கள் சொன்னது பொய்யில்லை. கறுப்பு மருந்து சுட்டால் வண்டல் படியும், நெருக்கமாகப் பொருந்தும் குண்டுக்கு அது ஆகாது. ஆனால் 1871இல் அதே படை மார்ட்டினி-ஹென்றி ரைபிளை ஏற்றபோது அதன் துளை 0.45 இஞ்ச். கடல் தாண்டி அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் குறிசுடுநர்கள் சிலரிடம் விட்வொர்த் ரைபிள் இருந்தது. 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் ஜெனரல் ஜான் செட்ஜ்விக், இவ்வளவு தூரத்தில் இருந்து யானையைக்கூட அடிக்க முடியாது என்று தன் ஆட்களைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே குண்டடிபட்டு விழுந்தார். அது விட்வொர்த் ரைபிள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அந்த அறுகோணத் தூணைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. மகள் அதில் பென்சில் செருகி வைத்திருக்கிறாள்.

விட்வொர்த் பீரங்கியும் செய்தார், இன்னொரு பீரங்கி தயாரிப்பாளரான ஆர்ம்ஸ்ட்ராங்கோடு பல வருஷம் மல்லுக்கட்டினார், உருகிய எஃகை அச்சிலேயே அமுக்கி வார்க்கும் முறை கொண்டுவந்தார். அதெல்லாம் தனிக் கதை.

கிரீமியப் போருக்கு அவருடைய ரைபிள் போகவில்லை, மரை போனது. ஜான் பென் என்ற இன்ஜின் தயாரிப்பாளருக்குப் பீரங்கிப் படகுகளுக்கு 90 இன்ஜின் அவசரமாக வேண்டியிருந்தது. ஒரு பட்டறையில் ஆகிற வேலை இல்லை. மாதிரி இன்ஜினைப் பிரித்து, பாகங்களை வெவ்வேறு பட்டறைகளுக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் 90 செய்யச் சொன்னார். எல்லோரும் விட்வொர்த் மரைக்கு மாறியிருந்ததால் வந்த பாகங்கள் வந்தபடியே ஒன்றில் ஒன்று ஏறின. 90 நாளில் வேலை முடிந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை. லாக்டைட் காய்ந்தது. புஷ்ஷும் கட்டையும் சேரும் கோட்டின் மேலேயே 3 மில்லிமீட்டர் துளை போட்டு ஒரு முள் அடித்தேன், எந்நாளும் சுற்றாது. புதுப் போல்ட்டு, 12 மரை, கையாலேயே கடைசிவரை இறங்கியது. ஆசையாக இறுக்கினேன். நின்றது. நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் இறுக்கும்போது டெயில் ஸ்டாக் ஒரு பக்கம் சாய்கிறது. அடிப்பரப்பு சமமாக இல்லை.

அண்ணனிடம் சமம் பார்க்கும் பலகையான சர்ஃபேஸ் பிளேட் சின்னதாக ஒன்று இருக்கிறது. நீல மையை விரலால் மெல்லத் தடவி, அதன் மேல் டெயில் ஸ்டாக்கின் அடியை வைத்து ஒரு இழுப்பு இழுத்துத் தூக்கினால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிகளைச் சுரண்டியால் சுரண்ட வேண்டும். திரும்பத் தடவி, திரும்பச் சுரண்டி. முதலில் இரண்டு மூலையில் மட்டும் நீலம். மதியத்துக்குள் ஐந்தாறு தீவுகள். சாயங்காலம் மழைத்தூறல் விழுந்த மண் மாதிரி பரப்பு முழுக்கப் புள்ளி. நடுவிரல் மூட்டில் தோல் போயிற்று, சுரண்டி வழுக்கி.

சுரண்டிக்கொண்டே கேட்டேன்: இந்த பிளேட்டு சமம் என்று எப்படித் தெரியும்? இன்னொரு நல்ல பிளேட்டில் வைத்துப் பார்த்து. அது? இன்னொன்றில். முதல் பிளேட்டு எங்கிருந்து வந்தது? இதற்கு விடையும் விட்வொர்த்திடம்தான் இருக்கிறது. மாட்ஸ்லே பட்டறையில் இருந்தபோது அவர் உட்கார்ந்து யோசித்தது இதைத்தான். இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று பார்த்துச் சுரண்டினால் போதாது. ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருந்தாலும் கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்று வேண்டும். ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், மூன்றும் ஒன்றும் என்று எல்லா ஜோடியும் பொருந்தினால், மூன்றுமே சமமாக இருந்தே ஆக வேண்டும். மூன்றும் குழியாக இருக்க முடியாது, மூன்றும் குவியாகவும் இருக்க முடியாது. அதுவரை தேய்மானப் பொடி போட்டு உராய்த்துத்தான் சமப்படுத்தினார்கள். பொடி எங்கே தேய்க்கும் என்று யாருக்குத் தெரியும்? அவர் பொடியை எடுத்துவிட்டுச் சுரண்டியைப் பிடித்தார். 1840இல் கிளாஸ்கோவில் இதை விவரித்துக் கட்டுரை படித்தார். மூன்று சின்ன வார்ப்பிரும்புத் துண்டு வாங்கி நானும் செய்து பார்க்கலாம் என்று சொன்னேன். விரலைக் காட்டி அண்ணன் சிரித்தார்.

அந்தச் சமப் பலகைகளை வைத்துத்தான் அவருடைய அளவு இயந்திரம். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைத்தார். இஞ்சுக்கு 20 மரை உள்ள திருகு, அதன் தலையில் 200 பல் சக்கரம், அதைச் சுற்றும் புரியின் கைச்சக்கரத்தில் 250 கோடு. பெருக்கினால் பத்து லட்சம். ஒரு கோடு நகர்த்தினால் ஒரு இஞ்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கத்தில் கை அழுத்தத்தை நம்ப முடியாது, அதனால் நடுவில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. இறுக்கம் சரியாக இருந்தால் தகடு தொங்கி நிற்கும். ஒரு கோடு தளர்த்தினால் தன் எடையில் நழுவி விழும். என் டயல் கேஜ் அதோடு ஒப்பிட்டால் மாட்டு வண்டி.

1868இல் ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளுக்குப் பணம் கொடுத்தார், மெக்கானிக் பையன்கள் படிக்க. அடுத்த வருஷம் சர் பட்டம். 1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில் இறந்தார்.

ஆறாவது சனிக்கிழமை எல்லாவற்றையும் மாட்டினேன். டெயில் ஸ்டாக்கை இறுக்கும்போது டயல் முள் அசைகிறது, ஆனால் அரைக்கோடு. அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒரு 20 மில்லிமீட்டர் டிரில்லை மாட்டி, சொல்லாமல் கொள்ளாமல் முழு பலத்தோடு அழுத்தினார். இரும்புச் சீவல் சுருள் சுருளாக வந்தது. டெயில் ஸ்டாக் நின்ற இடத்தில் நின்றது. ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றார்கள். பட்டறை வேலைக்கு ஆறு வாரம் உண்டு, வீட்டுக் குழாய்க்கு ஆறு நிமிஷம் இல்லையா என்ற கேள்வியும் கூடவே வந்தது. கழற்றினேன். அரை இஞ்ச் குழாய். பிட்ச் கேஜ் சட்டைப்பையில் இருந்தது. 55 டிகிரி இலைகளில் 14 கச்சிதமாக உட்கார்ந்தது. வெளி விட்டம் 20.9 மில்லிமீட்டர், அரை இஞ்ச் என்பது பழைய இரும்புக் குழாயின் உள்துளையைக் குறித்த பெயர், இன்றைக்கு அதுவும் இல்லை. போல்ட்டிலிருந்து விட்வொர்த் போய்விட்டார், எல்லாம் மில்லிமீட்டர். தண்ணீர்க் குழாயில் மட்டும் இன்னும் அவருடைய மரைதான், பிளாஸ்டிக் குழாயிலும்கூட. மேடையில் நின்றபடி இதை விளக்க ஆரம்பித்தேன். டெஃப்ளான் டேப் நீட்டப்பட்டது.

மறுநாள் காலை டெயில் ஸ்டாக் கட்டையை மறுபடி கழற்றி, பக்கவாட்டில் எண் பஞ்சால் 1, 2 என்று அடுத்தடுத்து அடித்து 12 ஆக்கினேன். இரண்டு எண்ணும் கொஞ்சம் கோணல். பக்கத்தில் அந்த 13 மரை போல்ட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், மேலே சிவப்பு பெயின்ட் அடித்து.